போன் இருக்கும்போது தனியா ஒரு கேம் மெஷின் எதுக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம். பேச்சு நடை அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் எங்க அக்கா. போன மாசம் கால் பண்ணி, "டேய், உன் மருமகனுக்குப் பிறந்தநாள் வருது. முதல்ல டேப் கேட்டான், இப்போ யாரோ பிரெண்ட் வீட்டுல பார்த்துட்டு ஸ்விட்ச் வேணும்ங்கறான். பட்ஜெட் 35,000. நீதானே இதெல்லாம் பேசிட்டுத் திரியற, எதை வாங்கறதுன்னு சொல்லு"ன்னு கேட்டா.

நான் யோசிக்கவே இல்ல. "டேப் வாங்குக்கா. படிக்கவும் ஆகும், கேமும் ஆடலாம், தனியா கேம் மெஷின்லாம் வேஸ்ட்"னு சொல்லி வெச்சுட்டேன். எந்த இன்ஜினியரும் சொல்லக்கூடிய பதில்தான். ஒரே வேலையைச் செய்ற ரெண்டு டிவைஸ் இருந்தா, நிறைய வேலை செய்றதை எடு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு, வேளச்சேரிக்குப் போனேன். பையனுக்குப் பதினொண்ணு முடியப்போகுது. சோபாவுல அக்காவோட பழைய போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். விளையாடல. சும்மா ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு இருக்கான். "என்னடா பண்ற?"ன்னு கேட்டா, "எனர்ஜி தீந்துடுச்சு மாமா. இன்னும் 22 நிமிஷம்." ஸ்கிரீன்ல ஒரு கவுண்ட்டவுன் ஓடுது, கீழ ஒரு பச்சைப் பட்டன்: காத்திருக்க வேண்டாம், வைரம் கொடுத்தா போதும். தீபாவளிக்குக் கிடைச்ச காசு 1,500 ரூபாயும் அந்த வைரத்துலதான் போயிருக்குன்னு அப்புறம் தெரிஞ்சுது. அக்காவுக்கு அது தெரியாது. இந்த எபிசோடைக் கேட்டா தெரியும். ஸாரிடா.

எனக்கு அந்த டைமரைப் பார்த்ததும் வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அதே மாதிரி ஒண்ணை நான் எழுதியிருக்கேன்.

காலேஜ் முடிச்சு என் முதல் வேலை ஒரு மொபைல் கேம் கம்பெனியில. பேர் வேண்டாம். நான் பேக்எண்ட். எனர்ஜி சிஸ்டம், தினசரிப் பரிசு, இதோட சர்வர் கோடு என் கையில இருந்தது. கோடா பார்த்தா ரொம்பச் சாதாரணம்: கடைசியா எப்ப விளையாடினீங்கங்கற நேரம், ஒரு பாயிண்ட் திரும்ப வர எத்தனை நொடி, அதிகபட்சம் எவ்வளவு. மூணு நம்பர். ஆனா அந்த மூணு நம்பரும் கேமுக்குள்ள இருக்காது, சர்வர்ல இருக்கும். பாதிப் பேருக்கு 20 நிமிஷம், பாதிப் பேருக்கு 30 நிமிஷம்னு வெச்சு, எந்தப் பக்கம் அதிகமா காசு கட்டுறாங்க, எந்தப் பக்கம் மறுநாள் திரும்பி வராங்கன்னு பார்ப்போம். திங்கக்கிழமை மீட்டிங்ல யாரும் "கேம் நல்லா இருக்கா?"ன்னு கேட்டு நான் பார்த்ததில்ல. முதல் நாள் எத்தனை பேர் திரும்பினாங்க, ஏழாவது நாள் எத்தனை பேர், ஒரு ஆளுக்கு எத்தனை பைசா. அங்க இருந்தவங்க யாரும் கெட்டவங்க இல்ல. நிறைய பேர் என்னைவிடப் பெரிய கேம் பைத்தியங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவங்க ஆடுறது மட்டும் வேற மாதிரி கேம்.

அதனால அக்காவுக்குக் குடுத்த பதிலை நானே திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதா போச்சு. பழைய கேள்விதான் இது: போனும் டேப்பும் இவ்வளவு பவர்ஃபுல்லா ஆனப்புறம், கையில பிடிச்சு ஆடுற கேம் கன்சோலுக்கு எதிர்காலம் இருக்கா? என் பதில்: பவரைப் பத்திப் பேசினா இதுக்கு விடையே கிடைக்காது. கணக்கு வேற இடத்துல இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2011 மார்ச் 2, சான் பிரான்சிஸ்கோ. கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் மேடையில நிண்டெண்டோவோட தலைவர் சதோரு இவாட்டா பேசுறார். இவர் சாதாரண சிஇஓ கிடையாது, புரோகிராமரா ஆரம்பிச்சவர். அதே நாள், நடந்து போற தூரத்துல இன்னொரு அரங்கத்துல ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேட் 2-ஐ அறிமுகம் பண்றார். சினிமாவுல வெச்சா "ஓவரா இருக்கே"ன்னு சொல்லுவோம். இவாட்டா அன்னைக்குச் சொன்னதோட சாரம் இதுதான்: ஸ்மார்ட்போன் பிளாட்ஃபார்ம் நடத்துறவங்களுக்கு எத்தனை ஆப் குவியுதுங்கறதுதான் முக்கியம், ஒரு கேமோட மதிப்பைக் காப்பாத்தணும்ங்கற அவசியம் அவங்களுக்கு இல்ல. அப்போ நிறைய பேர் இதைத் தோக்கப்போறவரோட புலம்பலாத்தான் எடுத்துக்கிட்டாங்க.

எடுத்துக்கிட்டதுலயும் தப்பில்ல. நிலவரம் அப்படி. ஆங்ரி பேர்ட்ஸ் 2009 டிசம்பர்ல வந்து, ஒரு டாலருக்குள்ள ஒரு கேம்ங்கறதை உலகத்துக்கே பழக்கிடுச்சு. இவாட்டா கையில இருந்ததோ 3டிஎஸ். அமெரிக்காவுல 249.99 டாலர், கேம் விலை தனி. விக்கல. அந்த ஆகஸ்ட்லயே விலையை 169.99-க்கு இறக்கினாங்க, இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியா வெட்டிக்கிட்டார். சோனி அந்த டிசம்பர்ல ஜப்பான்ல பிஎஸ் வீட்டாவை இறக்கினாங்க. ஓஎல்இடி ஸ்கிரீன், ரெண்டு அனலாக் ஸ்டிக், முன்னாடி டச், பின்னாடியும் டச், வேணும்னா 3ஜி. ஹார்டுவேரா பார்த்தா அழகான பொருள். அதுக்கு மெமரி கார்டுகூட சோனியோடதுதான் வாங்கணும், 32 ஜிபி கார்டு கிட்டத்தட்ட 100 டாலர். 2019-ல உற்பத்தி முடிஞ்சுது. சோனி அதுக்கப்புறம் அந்த மாதிரி இன்னொண்ணு செய்யவே இல்ல.

(போனையும் கேம் மெஷினையும் ஒட்டவைக்க நோக்கியா 2003-லயே முயற்சி பண்ணினாங்க, என்-கேஜ்னு. கேமை மாத்தணும்னா பேட்டரியைக் கழட்டணும். பேசணும்னா போனோட விளிம்பைக் காதுல வைக்கணும். இதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல எதுவும் இல்ல.)

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். 2015-ல கூகுள் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் விட்டாங்க, பிக்ஸல் சி. உள்ள என்விடியாவோட டெக்ரா எக்ஸ்1 சிப். உங்கள்ல எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? 2017 மார்ச் 3-ம் தேதி நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்தது. உள்ள என்ன சிப்? அதே டெக்ரா எக்ஸ்1 குடும்பம். ரெண்டு வருஷம் பழசான டேப்லெட் சிப். ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல வித்திருக்கு.

கிட்டத்தட்ட ஒரே சிலிக்கான். ஒண்ணு யாருக்கும் ஞாபகம் இல்லாத டேப், இன்னொண்ணு வரலாற்றுலயே அதிகமா வித்த கன்சோல்கள்ல ஒண்ணு. பேட்டரி காரணமா? முதல் ஸ்விட்ச்சோட பேட்டரி 4,310 எம்ஏஎச், சுமார் 16 வாட்-ஹவர். இன்னைக்கு உங்க பாக்கெட்ல இருக்கிற 5,000 எம்ஏஎச் போன் சுமார் 19 வாட்-ஹவர். போன்லதான் அதிகம்.

அப்போ ஹார்டுவேருக்குப் பங்கே இல்லையான்னு கேட்டா, இருக்கு, ஒரு இடத்துல. சூடு. போன் ஒரு பெஞ்ச்மார்க்கை ஒரு நிமிஷம் பிரமாதமா ஓட்டும். ஆனா உள்ள ஃபேன் கிடையாது. கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த அந்த மெல்லிசு உடம்புல இருந்து தொடர்ந்து வெளிய தள்ளக்கூடிய சூடு ஒரு சில வாட்தான். அதைத் தாண்டினா சிப் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். மே மாசம் மத்தியானம் சென்னையில பஸ் ஸ்டாப்ல நின்னு கேம் ஆடினவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. முதல்ல ஃப்ரேம் விழும், அப்புறம் பிரைட்னஸ் தானா இறங்கும். ஸ்விட்ச்ல ஒரு குட்டி ஃபேன் இருக்கு. 2022-ல வால்வ் விட்ட ஸ்டீம் டெக்ல இன்னும் கொஞ்சம் பெரிய ஃபேன். அதோட சிப் 15 வாட் வரைக்கும் எடுக்கும், 40 வாட்-ஹவர் பேட்டரி, எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அதை யாரும் பேன்ட் பாக்கெட்ல வைக்க முடியாது. வைக்க வேண்டாம்னு முடிவு பண்ணினதாலதான் அந்த 15 வாட் கிடைச்சுது.

ஆனா சூட்டை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பிளாட்ஃபார்ம்னா என்ன? என்னை மாதிரி கோடு எழுதுறவனுக்கு பிளாட்ஃபார்ம்ங்கறது, "இது எல்லார்கிட்டயும் இருக்கும்"னு நம்பி எழுதக்கூடிய விஷயங்களோட தொகுப்பு. அவ்வளவுதான். ஸ்விட்ச்சுக்குக் கேம் எழுதுறவர் எதை நம்பலாம்? ஆடுறவர் கையில ரெண்டு ஸ்டிக், ஒரு டஜனுக்கு மேல பட்டன் இருக்கு. சிப் எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்புறம் முக்கியமா, இவர் கேம் ஆடணும்னே ஒரு பெட்டிக்குக் காசு குடுத்தவர், இன்னொரு கேமுக்கும் குடுப்பார். போனுக்கு எழுதுறவர் எதை நம்பலாம்? தொடக்கூடிய ஒரு கண்ணாடி. எப்பவும் இன்டர்நெட். நோட்டிஃபிகேஷன். அப்புறம், இவர் இதுவரைக்கும் கேமுக்குன்னு ஒரு பைசா குடுக்கல.

இந்த நாலு வரியை வெச்சே ரெண்டு பக்கமும் எந்த மாதிரி கேம் வரும்னு கிட்டத்தட்டச் சொல்லிடலாம்.

"கன்ட்ரோலர் வாங்கி போன்ல மாட்டிக்கலாமே"ன்னு கேப்பீங்க. மாட்டிக்கலாம். பேக்போன், ரேசர் கிஷின்னு நல்ல நல்ல சாமான் இருக்கு, நானே ஒண்ணு வெச்சிருக்கேன். பிரச்சனை என்னன்னா, எங்கிட்ட இருந்து பிரயோஜனமில்ல. எல்லார்கிட்டயும் இருக்குன்னு டெவலப்பர் நம்ப முடியாது. அதனால அவர் கேமை முதல்ல கட்டைவிரலுக்குத்தான் டிசைன் பண்ணுவார். கண்ணாடியில பட்டன் வரைஞ்சா ரெண்டு விரலும் ஸ்கிரீன்ல பாதியை மறைக்கும். விரல் பட்டன் மேல இருக்கா தள்ளிப் போச்சான்னு பார்க்காம தெரியாது. நிண்டெண்டோல குன்பெய் யோகோய் கேம் அண்ட் வாட்ச்ல அந்தச் சிலுவை வடிவப் பட்டனைக் கொண்டுவந்தது 1982-ல. பார்க்காமலே விரலுக்குத் திசை தெரியணும், அதான் அதோட வேலை. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, கண்ணாடி இன்னும் அதுக்கு மாற்றுக் கண்டுபிடிக்கல.

"சிப் எல்லாருக்கும் ஒண்ணு"ங்கறதும் லேசுப்பட்ட விஷயம் இல்ல. ஆண்ட்ராய்டுல ஒரு கேமை டெஸ்ட் பண்ணின அனுபவம் எனக்கு இருக்கு. மேஜை நிறைய போன். ஒண்ணுல தண்ணி சரியா தெரியும், இன்னொண்ணுல கறுப்பா தெரியும், காரணம் ஜிபியு டிரைவர். ஸ்டீம் டெக்ல இதுக்கு நேரெதிர் நடந்தது. எல்டன் ரிங் 2022-ல வந்தப்ப பெரிய பெரிய பிசியில எல்லாம் திக்கித் திக்கி ஓடிச்சு, காரணங்கள்ல ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கும்போதே ஷேடர் கம்பைல் ஆகுறது. எல்லா டெக்கும் ஒரே ஹார்டுவேர்ங்கறதால, வால்வ் அந்த ஷேடர்களை முன்னாடியே கம்பைல் பண்ணி டவுன்லோடுலயே அனுப்பிட்டாங்க. சின்ன மெஷின்ல வழுவழுன்னு ஓடிச்சு.

இப்ப காசு விஷயம். நிண்டெண்டோவே போனுக்குள்ள போய்ப் பார்த்தாங்க. 2016 டிசம்பர்ல சூப்பர் மாரியோ ரன். முதல் சில லெவல் இலவசம், முழுசும் வேணும்னா ஒரே தடவை 9.99 டாலர். எனர்ஜி கிடையாது, வைரம் கிடையாது. கோடிக்கணக்கான பேர் டவுன்லோட் பண்ணினாங்க. பத்து டாலரைப் பார்த்துத் திட்டி ரிவ்யூ எழுதிட்டுப் போயிட்டாங்க. எதிர்பார்த்த லாபம் வரலைன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டாங்க. ரெண்டே மாசத்துல அவங்க விட்ட ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ் காச்சா முறை. காச்சாவைத் தெரியாதவங்களுக்கு: நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில அட்டை தொங்குமே, காசு குடுத்துச் சீட்டுக் கிழிச்சா ஏதாவது பரிசு விழும், அதுதான். டவுன்லோட் கணக்குல மாரியோவுக்குக் கிட்டக்கூட வரல. காசு பார்த்தது அதுதான்.

"அப்போ போன்ல பவர் பத்தல, இப்ப இருக்கே"ன்னு சொன்னாங்க. 2023-ல ஐபோன் 15 ப்ரோ வந்தது, கன்சோல் கேமான ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் அப்படியே போன்ல ஓடிச்சு. நிஜமாவே இன்ஜினியரிங் சாதனை, நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தேன். அடுத்த வருஷம் அசாசின்ஸ் க்ரீட் மிராஜும் வந்தது. வெளியில இருந்து போட்ட மதிப்பீடுகள்படி, ஐபோன்ல முழு விலை குடுத்து வாங்கினவங்க சில ஆயிரம் பேர்தான். சிப் வந்துடுச்சு. பட்டனும் வாங்குற பழக்கமும் வரல.

இது வரைக்கும் கேட்டா நான் ஏதோ கன்சோல் கட்சி மாதிரி தெரியும். இல்ல. 2011-ல "போன் இதைக் கொன்னுடும்"னு சொன்னவங்க ஒரு விஷயத்துல சரியாத்தான் சொன்னாங்க, அதையும் சொல்லணும்.

நிண்டெண்டோ டிஎஸ் 15 கோடிக்கு மேல வித்தது. அதே காலத்துல வீட்டு டிவிக்கு அவங்க வித்த வீ 10 கோடிக்கு மேல. ரெண்டும் சேர்த்து 25 கோடி பெட்டி. ஸ்விட்ச் இந்த ரெண்டு வேலையையும் ஒண்ணா செய்றது, அதோட எண்ணிக்கை 15 கோடி சொச்சம். மீதி எங்க போச்சு? டிஎஸ்ல பிரெய்ன் ஏஜ்னு ஒரு கேம், மனக்கணக்கு, சின்னச் சின்னப் புதிர், தினமும் பத்து நிமிஷம். கேமே ஆடாத அம்மா, தாத்தாவெல்லாம் அதுக்காக டிஎஸ் வாங்கினாங்க. அவங்க எல்லாரும் போனுக்குப் போயிட்டாங்க, திரும்ப வர மாட்டாங்க. இன்னைக்கு எங்க அம்மா காலையில காபியோட போன்லதான் சுடோகு போடறாங்க. அதுக்குத் தனியா ஒரு பெட்டி வாங்கச் சொன்னா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க.

இன்னொண்ணையும் கவனிங்க. கையடக்கக் கன்சோலுக்குன்னே தனியா ஒரு கேம் உலகம் இருந்த கடைசித் தலைமுறை 3டிஎஸ்ஸும் வீட்டாவும்தான். (பிளேடேட்னு பக்கத்துல கைப்பிடி வெச்ச ஒரு மஞ்சள் பெட்டி 2022-ல வந்தது. அது ஆசைக்கு. எனக்கும் ஆசைதான்.) ஸ்விட்ச்ல இருக்கிறது டிவியில ஆடுற அதே கேம். ஸ்டீம் டெக்ல இருக்கிறது உங்க பிசியில இருக்கிற அதே லைப்ரரி. அதனால தனி இனமா இருந்த ஹேண்ட்ஹெல்ட் செத்துப்போச்சுன்னுதான் சொல்லணும். இப்ப உயிரோட இருக்கிறது, பெரிய கேமைக் கையில எடுத்துக்கிட்டுப் போக ஒரு வழி.

ஆடின கேம் அடுத்த வருஷம் இருக்குமாங்கறதும் ஒரு கேள்வி. ஹாஸ்டல்ல இருந்தப்ப நாங்க நாலு பேர் பப்ஜி மொபைல் ஸ்குவாட். 2020 செப்டம்பர் 2-ம் தேதி தடை, அக்டோபர் 30-ம் தேதி சர்வரும் நின்னுடுச்சு. அப்புறம் பிஜிஎம்ஐ 2021-ல வந்தது, 2022 ஜூலையில ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சு, 2023 மே மாசம் திரும்ப வந்தது. அதுக்கு அரசியல் காரணங்கள் இருக்கு, அதுக்குள்ள நான் போகல. என் ஸ்குவாட் அதுக்குள்ள கல்யாணம், ஆன்சைட்டுன்னு கலைஞ்சாச்சு. தடையே வேண்டாம், ஒரு ஓஎஸ் அப்டேட் போதும். 2017-ல ஐஓஎஸ் 11 வந்தப்ப 32-பிட் ஆப்களை ஆப்பிள் நிறுத்தினாங்க, அப்டேட் ஆகாத ஏகப்பட்ட கேம் ஒரே ராத்திரியில திறக்காமப் போச்சு. ஐபோன்ல என்ன முடியும்னு 2010-ல உலகத்துக்குக் காட்டின இன்ஃபினிட்டி பிளேடை 2018-ல அதைச் செஞ்சவங்களே ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்க. போன் கேம்ங்கறது வருஷா வருஷம் யாராவது பராமரிச்சாத்தான் உயிரோட இருக்கும். நானே பராமரிச்சிருக்கேன். வருமானம் நின்ன அன்னைக்கு என்னை வேற புராஜெக்ட்டுக்கு மாத்திடுவாங்க.

கன்சோல்காரங்க யோக்கியமான்னா, அதுவும் இல்ல. 3டிஎஸ்ஸோட ஆன்லைன் கடையை நிண்டெண்டோ 2023 மார்ச்ல மூடிட்டாங்க, டிஜிட்டலா மட்டும் வந்த கேம்களை இனி வாங்க வழியில்ல. ஏற்கெனவே வாங்கினவங்ககிட்ட மட்டும் அது இன்னும் ஓடுது. 2025 ஜூன்ல வந்த ஸ்விட்ச் 2-ல சில "கார்ட்ரிட்ஜ்"களுக்குள்ள கேமே இல்ல, வெறும் சாவிதான். சொருகினா இன்டர்நெட்ல இருந்து முழு கேமையும் டவுன்லோட் பண்ணணும். வந்தப்ப பெட்டி 449.99 டாலர், மாரியோ கார்ட் வேர்ல்ட் தனியா வாங்கினா 79.99. காசு குடுத்து வாங்கினவர் கையில பொருள் இருக்கும்ங்கற நம்பிக்கையாலதான் இந்தப் பெட்டிகள் பிழைச்சுது. அதையே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சா, அப்புறம் போனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு எதிர்காலத்தைப் பத்திப் பயம்னா இதுதான். அடுத்த ஐபோன் சிப்பைப் பத்திப் பயம் இல்ல.

நம்ம ஊருக்கு வந்தா இன்னொரு சிக்கல். நிண்டெண்டோ இந்தியாவுல நேரடியா விக்கிறதில்ல, ஸ்டீம் டெக்கையும் வால்வ் இங்க விக்கல. அசுஸ் ரோக் ஆலி 2023-ல அதிகாரப்பூர்வமா வந்தது, 69,990 ரூபாய். மத்தபடி ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கணும், நாலு கடையில நாலு விலை, வாரன்ட்டி கேட்டா சிரிப்பாங்க. என் டெக்கே அமெரிக்காவுல இருந்து ஒரு பிரெண்ட் சூட்கேஸ்ல, ஊறுகாய் திரும்பப் போற சூட்கேஸ்ல, வந்ததுதான். அதனால அக்கா மாதிரி ஒருத்தர்கிட்ட "ஸ்விட்ச் வாங்கு"ன்னு சுலபமா சொல்லிட முடியாது. கேம் விலையும் சேர்த்துப் பாருங்க. ஒரு ஸ்விட்ச் கேம் நாலாயிரம், ஐயாயிரம். "ஒரு கேமுக்கா?"ன்னு அக்கா கேட்டா, அவ கேக்கறது நியாயம்தான். பையன் வைரத்துக்குக் குடுத்த 1,500-ஐ என்னால அப்போ எடுத்துக்காட்டா சொல்லவும் முடியல.

அக்கா டேப்தான் வாங்கினா. ஸ்கூல்ல அசைன்மென்ட் எல்லாம் ஆப்ல வருது, வேற வழியில்ல. நான் ரெண்டு விஷயம் மட்டும் பண்ணினேன். டேப்ல வாங்குற வசதிக்குப் பாஸ்வேர்ட் போட்டேன். அப்புறம் போன சனிக்கிழமை என் ஸ்டீம் டெக்கை எடுத்துட்டுப் போய் அவன்கிட்ட குடுத்தேன், அ ஷார்ட் ஹைக்ங்கற கேமைப் போட்டு. சின்ன கேம், 2019-ல வந்தது, ஒரு குட்டிப் பறவை மலை உச்சிக்கு ஏறும், அவ்வளவுதான் கதை. ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும்.

சாப்பிட்டுட்டு உக்காந்தவன் நாலு மணிக்கு ஹாலுக்கு வந்தான். டெக்கை என் மடியில வெச்சான்.

"மாமா, பேரெல்லாம் ஓடுது."

"முடிச்சிட்டியா? சூப்பர்டா."

"அவ்ளோதானா? அடுத்த லெவல் எப்ப அன்லாக் ஆகும்?"

"ஆகாது. முடிஞ்சிடுச்சு."

கொஞ்ச நேரம் என்னையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்திப் பார்த்தான். ஏமாந்த மாதிரிதான் இருந்தது முகம், சந்தோஷம்லாம் பெருசா இல்ல. பஜ்ஜி சாப்பிட்டான். அப்புறம் டெக்கை எடுத்துட்டுப் போயிட்டான். போய்ப் பார்த்தா அதே தீவுல ஏதோ ஒரு ஓரமா நின்னு மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கான். டைமர் எதுவும் ஓடல. கிளம்பும்போது நான் டெக்கைத் திருப்பிக் கேக்கல, அவனும் குடுக்கல. வர்ற சனிக்கிழமை போய் வாங்கணும்.

உங்க வீட்டுல இந்த டேப்பா கன்சோலாங்கற பஞ்சாயத்து எப்படி முடிஞ்சுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாரன்ட்டியோட ஸ்விட்ச் விக்கிற கடை தெரிஞ்சா அதையும் சொல்லுங்க. நிஜமாத்தான் கேக்கறேன்.